பின் ஓரத்துக் கோடு

என் அண்ணியின் வாய் ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் மேசைக்கு வந்தது.

சீட்டில் பெயரைப் பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கீழ்வரிசை முன்பற்களில் ஒன்று பக்கத்துப் பல்லின் மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. அந்தப் பல்லை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். மேல்வரிசையில் ஒன்றுகூட இல்லை. வழவழவென்று ஈறு மட்டும். பார்த்ததும் பரிதாபம் வந்தது என்று சொன்னால் அது பொய். வயிற்றுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

நான் பல்செட் கட்டுகிறவள். டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து எங்கள் லேபுக்கு அனுப்புவார்கள். நாங்கள் அதில் பிளாஸ்டர் ஊற்றி வார்ப்பு எடுப்போம். அதன்மேல் மெழுகு வைத்துப் பல் நட்டு, வாயில் பொருந்துகிறதா என்று பார்க்க ஒருமுறை டாக்டரிடம் அனுப்புவோம். சரி என்று திரும்பி வந்தால் மெழுகை எடுத்துவிட்டு ரோஸ் நிற அக்ரிலிக்கில் வேகவைத்துப் பாலிஷ் போட்டுவிடுவோம். ஐந்து பேர் வேலை செய்யும் இடம். ஜன்னலோர மேசை என்னுடையது. என் முதுகுக்குப் பின்னால் பாலிஷ் மோட்டார் நாள் முழுக்க ஓடும். அதை ஓட்டுகிற மனிதரை நாங்கள் பாலிஷ் என்றுதான் கூப்பிடுவோம். அவர் பெயர் முதலாளிக்குக்கூட மறந்திருக்கும்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வாய் வந்தாலும் இரண்டு வார்ப்பு எடுப்பேன். வேகவைத்துப் பிரிக்கும்போது ஒன்று உடைந்துவிடும். இன்னொன்று கைவசம் இருக்கட்டும் என்று ஷெல்பில் வைத்திருப்பேன். வேலை முடிந்த மாதமே தூக்கிப் போட்டும் விடுவேன். அண்ணியின் இரண்டாவது வார்ப்பை மட்டும் ஷெல்பில் வைக்கவில்லை. என் இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன். அவ்வப்போது திறந்து பார்க்கலாம் அல்லவா.

இவ்வளவு வஞ்சம் எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். குடும்பத்தோடு படம் எடுக்க எல்லோரும் வரிசையாக நின்றோம். நான் தனி ஆள், ஓரத்தில் நின்றேன். போட்டோக்காரர், "எல்லாரும் நல்லா சிரிங்க" என்றார். அண்ணி திரும்பி என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளை வீட்டார் இத்தனை பேர் நிற்கிறார்களே என்ற எண்ணமெல்லாம் இல்லை.

"நீ மட்டும் வாயை மூடிக்கிட்டு சிரி. இல்லன்னா படம் பூரா உன் பல்லுதான் தெரியும்" என்றாள்.

எனக்கு எடுப்புப் பல். மேலே முன்பல் இரண்டும் எனக்கு ஒரு அடி முன்னால் நடந்து போகும். ஊரான் வாயையெல்லாம் சீர் செய்கிறவளுக்குத் தன் வாயைச் சீர் செய்யத் தோன்றவில்லை. சின்ன வயதில் வசதி இல்லை, பிறகு துணிச்சல் இல்லை. அது எனக்கும் அந்தப் பற்களுக்கும் உள்ள விவகாரம். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். போட்டோக்காரர் கேமராவுக்குப் பின்னால் தோள் குலுங்கச் சிரித்தார். எல்லோரையும் விடச் சத்தமாக என் கூடப்பிறந்தவன் சிரித்தான். அண்ணனுடைய சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்கும். அதைக் கேட்டால் மற்றவர்களுக்கும் தொற்றிக்கொள்ளும்.

அந்தப் படத்தை அண்ணன் வீட்டுக் கூடத்தில் பெரிதாக மாட்டியிருக்கிறார்கள். அதில் எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, யாரோ கிள்ளிவிட்ட மாதிரி நிற்கிறேன். அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசற்படியை நான் மிதிக்கவில்லை. அண்ணன் மகள் மட்டும் ஞாயிறு தவறாமல் போன் செய்வாள். அந்தப் பெண்ணுக்கு யார்மீதும் கோபம் கிடையாது. எப்படித்தான் அந்த வீட்டில் பிறந்தாளோ.

சரி, வேலைக்கு வருகிறேன். மெழுகில் பல் நட்டேன். அழகாகவே நட்டேன், அதில் நான் குறை வைக்கவில்லை. வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, மிகவும் நன்றாக இருக்கிறது என்று, அச்சு எடுத்து அனுப்பிய டாக்டரம்மா சீட்டில் எழுதித் திருப்பி அனுப்பினார். கூடவே வழக்கம்போல வார்ப்பின்மேல் பென்சிலால் ஒரு கோடும் வரைந்திருந்தார்.

அந்தக் கோட்டைப் பற்றிச் சொன்னால்தான் நான் செய்தது புரியும். மேல்செட் அண்ணத்தில் நிற்பது பசையால் அல்ல. வாயோடு உறிஞ்சி ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தப் பிடி முழுக்க இருப்பது பின் ஓரத்தில், தொண்டைக்கு முன்னால் மெத்தென்று இருக்கும் இடத்தில். அங்கே செட்டின் ஓரம் கொஞ்சம் மேடாக இருந்து அழுத்த வேண்டும். அந்த மேடு வருவதற்காக, வேகவைப்பதற்கு முன்னால் பிளாஸ்டர் வார்ப்பின் பின் ஓரத்தில் ஒரு கோடு கீறுவோம். கத்தி நுனியால், நகக்கண் ஆழத்துக்கு. கீறாவிட்டாலும் செட் நன்றாகத்தான் இருக்கும். பேசலாம், சாப்பிடலாம். வாயைப் பெரிதாகத் திறந்தால் மட்டும் ஓரத்தில் காற்றுப் புகுந்து செட் தொப்பென்று கழன்று கீழே இறங்கும். கொட்டாவி விட்டால் இறங்கும். வாய்விட்டுச் சிரித்தால் இறங்கும்.

நான் கோட்டைக் கீறவில்லை. அவ்வளவுதான். அண்ணியை நான் ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாமல் விட்டேன். மதியம் மூன்று மணி, பின்னால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, பாலிஷ் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தார். கத்தியைக் கையில் எடுத்தேன், வார்ப்பைப் பார்த்தேன், கத்தியைத் துடைத்து மேசையில் வைத்தேன். வாயை மூடிக்கிட்டு சிரிங்க அண்ணி, என்று மனதுக்குள் சொன்னேன்.

இதில் எனக்கு ஒரு ஆபத்து இருந்தது. அது தெரிந்தேதான் செய்தேன். டாக்டரம்மா இரண்டு மாதத்தில் பெரிய பல் ஆஸ்பத்திரி ஒன்று திறக்கப் போகிறார். உள்ளேயே லேப். செட் கட்டும் அறை தனி. அதற்கு என்னைத்தான் கேட்டிருக்கிறார் என்று முதலாளியே சொல்லியிருந்தார். கதவில் என் பெயர் எழுதுவார்களாம். இருபத்தொன்பது வருடமாக நான் கட்டிய செட்டைப் போட்டுக்கொண்டு எத்தனையோ பேர் சிரிக்கிறார்கள். ஒருவருக்கும் என்னைத் தெரியாது. டாக்டருக்குக் கும்பிடு போடுவார்கள். என் பெயர் எழுதிய ஒரு கதவு. அதைத் தவிர இந்த வயதில் எனக்கு வேறு ஆசையே இல்லை.

ஆனால் நான் போட்ட திட்டம் வேறு. சரியில்லாத செட் ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிடும். வந்ததும், மெத்தென்ற இடம் கொஞ்சம் மாறியிருக்கிறது என்று சாக்குச் சொல்லி, பின் ஓரத்தில் அக்ரிலிக் சேர்த்துச் சரி செய்து அனுப்பிவிடுவேன். யாருக்கும் சந்தேகம் வராது. ஒரு வாரம் அண்ணி வாயை மூடிக்கொண்டு சிரித்தால் எனக்குப் போதும். ஆறு வருடத்துக்கு ஒரு வாரம், நான் ஒன்றும் பேராசைக்காரி இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகள் போன் செய்தாள். அம்மாவுக்குப் புதுப் பல் வந்திருக்கிறது என்றாள். எனக்குத் தெரிந்தமாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"பார்க்க அம்சமா இருக்கு அத்தை. ஆனா அம்மா இப்பல்லாம் கையால வாயைப் பொத்திக்கிட்டுத்தான் சிரிக்கிறாங்க."

"அப்படியா" என்றேன். அன்றைக்கு மதியம் நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன். எனக்கு அவ்வளவு இனித்தது. சின்னப் பிள்ளை மாதிரி இழுப்பறையைத் திறந்து அந்த வார்ப்பை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று கை பரபரத்தது. லேப் பூட்டியிருந்ததால் திங்கள்வரை பொறுத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் போனது. செட் திரும்பி வரவில்லை. இரண்டு வாரம் போனது. டாக்டரம்மாவிடமிருந்து வரும் பெட்டியைப் பிரிக்கும்போதெல்லாம் முதல் ஆளாகப் போய் நின்றேன். யார் யாருடைய வாயோ வந்தது, அண்ணியுடையது மட்டும் வரவில்லை. ஒரு மாதம் ஆனதும் எனக்குப் பயம் வந்தது. பிடி இல்லாத செட்டை யார் ஒரு மாதம் போட்டுக்கொண்டிருப்பார்கள்? ஒருவேளை பழகிவிட்டதோ? அண்ணிதான் என்னையே சகித்துப் பழகியவள் ஆயிற்றே என்று என்னை நானே கிண்டல் செய்துகொண்டேன். சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான் அண்ணன் மகள் தன் பிள்ளையின் நாலாவது பிறந்த நாளுக்குக் கூப்பிட்டாள். "நீங்க வரலன்னா நான் கேக்கே வெட்ட மாட்டேன்" என்றாள். அவள் வீட்டுக்குத்தானே போகிறேன், அண்ணன் வீட்டுக்கு இல்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு போனேன். உண்மையில் அண்ணியின் வாயைப் பார்க்கத்தான் போனேன்.

சின்ன வீடு, முப்பது பேர். பலூன், நாற்காலி, குழந்தைகள். கதவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில், கையில் காகிதத் தட்டோடு டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். அண்ணன் மகளும் அவரிடம்தான் பல் பார்க்கிறாளாம்; அதனால் கூப்பிட்டிருக்கிறாள். திரும்பிப் போய்விடலாம் என்று நினைப்பதற்குள் அண்ணி என்னைப் பார்த்துவிட்டாள். ஆறு வருடமாகப் பேசாதவள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தாள். பிடித்த கையை விடாமல் என்னை நடுக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"இதோ வந்துட்டா" என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "சொன்னேன்ல, என் பல்லு கட்டினவ. என் நாத்தனார்தான். இவ கைக்கு ஈடா இன்னொரு கை கிடையாதுன்னு டாக்டரம்மாவே சொல்வாங்க."

சொல்லிவிட்டுத் தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரித்தாள். தொப்பென்று மேல்வரிசை முழுக்கக் கழன்று கீழ்வரிசையின் மேல் உட்கார்ந்தது. அண்ணி கொஞ்சமும் அசரவில்லை. கட்டைவிரலால் மேலே தள்ளி ஒட்டவைத்தாள்.

"பரவால்ல. இப்படித்தான் விழும். நாத்தனார் கைவேலை, பொறுத்துக்கணும்."

முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அதற்குச் சிரித்திருந்தாலே தேவலை. அடுத்த அரைமணி நேரத்தில் அண்ணி அதை நான்கு முறை செய்தாள். ஒருவரைப் பிடிப்பாள், என்னைக் காட்டுவாள், கைவேலை என்பாள், சிரிப்பாள், விழும், தள்ளுவாள். கேக் வெட்டி முடித்துப் படம் எடுக்கும்போது என் பக்கத்தில் வந்து ஒட்டி நின்றாள். சிரிங்க என்று சொன்னதும் வாயை அகலத் திறந்தாள். அந்தப் படத்தில் அண்ணியின் பல் பாதி வழியில் தொங்குகிறது. பக்கத்தில் நான், உதட்டை மூடிக்கொண்டு நிற்கிறேன்.

டாக்டரம்மா எழுந்து கிளம்பும்போது என்னை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"பின்னாடி கோடு நான் வரைஞ்சு அனுப்பியிருந்தேன். கீறலையே நீங்க" என்றார். "முதல் நாளே பார்த்தேன். திருப்பி அனுப்பறேன்னேன். வேணாம், எங்க வீட்டு ஆள்தான், நானே சொல்லிக்கிறேன்னு உங்க அண்ணி சொல்லிட்டாங்க. என்னாச்சு, மறந்துட்டீங்களா?"

இரண்டே பதில்தான் இருந்தது. மறந்துவிட்டேன் என்றால் நான் வேலை தெரியாதவள். வேண்டுமென்றே செய்தேன் என்றால் நான் மனுஷியே இல்லை.

"மறந்துட்டேன் டாக்டர்" என்றேன். இருபத்தொன்பது வருடத்தில் நான் எதையும் மறந்ததில்லை.

"மறக்கிறவங்களை நம்பி நான் எப்படி ஆஸ்பத்திரி திறக்கறது?" என்று அவர் மென்மையாகத்தான் சொன்னார். "அந்தம்மா நல்ல செட்டோட வந்து, எனக்குத் திருப்தின்னு சொல்லட்டும். அப்புறம் பேசுவோம். மாசக் கடைசிக்குள்ள கதவுக்கு போர்டு எழுதக் கொடுக்கணும்."

நான் நேராகச் சமையலறைக்குப் போனேன். அண்ணி அங்கே தனியாகக் கப் கழுவிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்தினேன்.

"ஏன் அண்ணி திருப்பி அனுப்பல?"

"எதுக்கு அனுப்பணும்? நாலு பேருக்கு உன் கைவேலையைக் காட்ட வேணாமா?"

"தெரிஞ்சுதான் இப்படிப் பண்றீங்களா?"

"நீ தெரிஞ்சுதானே பண்ணே?" என்றாள். குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்தாள். "எத்தனையோ லேப் இருக்கு. உன்கிட்டதான் அனுப்பணும்னு நான்தான் டாக்டரம்மாகிட்டக் கேட்டு வாங்கினேன். ஏன் தெரியுமா? நீதான் எனக்குக் கட்டித் தர்றேன்னு சொல்லியிருந்தே."

"நான் எப்ப சொன்னேன்?"

"நான் கல்யாணமாகி வந்த மூணாவது நாள். நீ அப்பத்தான் பல் கட்டப் படிக்கச் சேர்ந்திருந்தே. எல்லாரும் கூடத்துல உக்காந்திருந்தாங்க. அண்ணி வாயைத் திறங்கன்னே. விளையாட்டுன்னு நானும் திறந்தேன். டார்ச் அடிச்சுப் பார்த்தே. 'ஈறு சரியில்ல, அம்பது வயசுல மேல ஒண்ணுகூட இருக்காது, கவலப்படாதீங்க, நானே செட்டு கட்டித் தர்றேன்'ன்னே. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு இருபத்திரண்டு வயசு. புதுசா வந்த வீடு. ரெண்டு வருஷம் உங்க அண்ணன் என்னைப் பல்செட்டுன்னுதான் கூப்பிட்டாரு."

அண்ணன் அப்படிக் கூப்பிட்டது எனக்கு நினைவிருக்கிறது. பல்செட்டு, தண்ணி கொண்டா. பல்செட்டு, கடைக்குப் போலாமா. செல்லப் பெயர் என்றுதான் நினைத்திருந்தேன். அதை ஆரம்பித்து வைத்தது நான் என்பது சுத்தமாக நினைவில்லை. எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன்; டார்ச் நினைவில்லை, சிரிப்பு நினைவில்லை, ஒன்றுமே இல்லை. அவள் எனக்குச் செய்ததில் ஒரு எழுத்துக்கூட நான் விடவில்லை. நான் செய்தது என் தலைக்குள் ஒரு இரவுகூடத் தங்கவில்லை போலிருக்கிறது.

"அதுக்காகத்தான் கல்யாணத்துல அப்படிச் சொன்னீங்களா?"

"இருபத்துநாலு வருஷம் காத்திருந்து சொன்னேன்" என்றாள் அண்ணி. "சொல்லிட்டு அன்னைக்கு நல்லாத் தூங்கினேன்."

எனக்கு அவள்மேல் வந்த கோபம் கொஞ்சமும் குறையவில்லை. உண்மையைச் சொன்னால் கூடிவிட்டது. நம் பக்கம் நியாயம் இல்லை என்று தெரிந்தபிறகு வருகிற கோபம் இருக்கிறதே, அதற்கு உறைப்பு அதிகம். ஆனால் கதவு ஒன்று இருக்கிறது. அதில் என் பெயர் வர வேண்டும். அதன் சாவி இவள் வாயில் இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதலாளியிடம் சாவி வாங்கி லேபைத் திறந்தேன். யாரும் இல்லை. மோட்டார் சத்தம் இல்லாமல் அந்த இடம் எனக்கே புதிதாக இருந்தது. இழுப்பறையைத் திறந்து இரண்டாவது வார்ப்பை எடுத்தேன். பார்த்து மகிழ்வதற்காகப் பூட்டி வைத்தது. காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஆறு வரை எழுந்திருக்காமல் வேலை செய்தேன். முதல் செட்டை விட நன்றாக நட்டேன். கீழே கால்மேல் கால் போட்டிருக்கும் அந்தப் பல்லுக்கு மேலே வருகிற பல்லை ஒரு இழை சாய்த்தேன், இயற்கையாகத் தெரியட்டும் என்று. பின் ஓரத்தில் கோட்டைக் கீறினேன். டாக்டரம்மா வரைந்த அதே இடத்தில், நகக்கண் ஆழத்துக்கு. என் வாழ்க்கையில் இவ்வளவு கவனமாக ஒரு கோடு கீறியதில்லை. இவ்வளவு கடுப்போடும் கீறியதில்லை. அரைகுறையாகச் செய்து கொடுத்துவிட்டு அவளை மாட்டிவிடலாமா என்று நடுவில் இரண்டு முறை தோன்றியது. கையே கேட்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் வீட்டு வாசற்படியை ஆறு வருடம் கழித்து மிதித்தேன். கூடத்தில் அந்தப் பெரிய படம் என்னைப் பார்த்தது. அண்ணன் மகளும் வந்திருந்தாள். அண்ணன் சோபாவில் சாய்ந்துகொண்டு, "வாம்மா, வழி தெரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு அதற்கு அவனே சிரித்தான்.

நான் பெட்டியைத் திறந்து அண்ணியிடம் நீட்டினேன். அவள் பழைய செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். பல் இல்லாமல் ஒரு கணம் அவள் முகம் குழிந்து, வயதாகி, வேறு யாரோ மாதிரி இருந்தது. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். புதியதை மாட்டினாள். வாயை அசைத்தாள். மெதுவாகத் திறந்தாள், இன்னும் திறந்தாள், கொட்டாவி விடுகிற அளவுக்குத் திறந்தாள். செட் அசையவில்லை. கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தாள், வரவில்லை.

"ம்" என்றாள்.

"டாக்டரம்மாகிட்ட எப்பப் போவீங்க அண்ணி? மாசக் கடைசிக்குள்ள போகணும். நீங்க திருப்தின்னு சொன்னாத்தான் புது ஆஸ்பத்திரில எனக்கு ரூம்."

"போறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு." அலமாரியிலிருந்து டார்ச்சை எடுத்தாள். எடுத்து வைத்துக் காத்திருந்திருக்கிறாள். பாட்டரி புதிது, வெளிச்சத்தில் கண் கூசியது. "இங்க வந்து உக்காரு. வாயைத் திற."

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அண்ணன் மகள், "அம்மா, போதும்மா" என்றாள். நான் எழுந்து போயிருக்கலாம். கதவு, பெயர் எல்லாவற்றையும் அங்கேயே போட்டுவிட்டு வெளியே நடந்திருக்கலாம். போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, பெரியவளான பிறகு முதல் தடவையாக மற்றவர்கள் பார்க்க வாயை முழுசாகத் திறந்தேன்.

அண்ணி அவசரப்படவில்லை. மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், பக்கவாட்டில் பார்த்தாள். பிறகு ஆள்காட்டி விரலால் என் முன்பல்லைத் தொட்டாள். அது ஆடியது.

ஒரு வருடமாக ஆடுகிறது. இரண்டுமே. ஆப்பிளைக்கூடக் கத்தியால் நறுக்கித்தான் தின்கிறேன். யாருக்கும் சொல்லவில்லை, டாக்டருக்குக்கூட. எடுப்பாக இருந்தாலும் என்னுடையது. போகப்போகிறது என்று தெரிந்ததும் அவற்றின்மேல் எனக்கு ஒரு பாசம் வந்துவிட்டது.

அண்ணி இன்னொரு முறை அசைத்துப் பார்த்தாள். விரலை எடுத்தாள். டார்ச்சை அணைக்கவில்லை.

"ரெண்டு வருஷம் தாங்காது" என்றாள், கூடத்துக்கே கேட்கும்படி. "இது ரெண்டும் போனா அப்புறம் உன்னை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது?"

அண்ணன் சிரித்தான். வழக்கமான சிரிப்பு, தெருமுனை வரைக்கும் கேட்கிற சிரிப்பு. சோபாவைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "சரியாச் சொல்லிட்டா நம்ம பல்செட்டு" என்றான்.

அண்ணி சிரிக்கவில்லை. நானும் வாயைத் திறந்தபடியே அவனைப் பார்த்தேன். கல்யாணத்தில் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தது இவன். முப்பது வருடத்துக்கு முன்னால் அந்தக் கூடத்திலும் இவன்தான் முதலில் சிரித்திருப்பான். சிரித்ததோடு நிற்காமல், இரண்டு வருடம் வீடு முழுக்க அந்தப் பெயரைத் தூக்கிக்கொண்டு திரிந்தவனும் இவன்தான். அவள் சொன்னதை நான் ஆறு வருடம் வைத்திருந்தேன், நான் சொன்னதை அவள் இருபத்துநாலு வருடம் வைத்திருந்தாள். இருவரும் சொன்னது ஒரு வரி. வலித்தது அந்த வரியா, இந்தச் சிரிப்பா என்று எங்கள் இருவருக்கும் அதுவரை தோன்றவே இல்லை.

அண்ணி என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் கணக்கு அங்கேதான் போய் நின்றிருக்க வேண்டும். டார்ச்சை மெதுவாகத் திருப்பி அவன் முகத்தில் அடித்தாள்.

"நீங்க திறங்க."

"நான் எதுக்கு?" என்றான் அண்ணன், இன்னும் சிரித்துக்கொண்டே.

"திற அண்ணா" என்றேன்.

அவன் மகளைப் பார்த்தான். அவள் பழைய செட்டை எடுத்து ஒரு துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. வேறு வழியில்லாமல் திறந்தான். நாங்கள் இருவரும் இரண்டு பக்கமும் குனிந்தோம். அண்ணி வெளிச்சம் காட்டினாள், நான் பார்த்தேன்.

"கடைவாய் ரெண்டும் ஓட்டை. மேல ஈறு இறங்கியிருக்கு" என்றேன். "முன்னாடி இருக்கறதும் நிக்காது."

"எத்தனை வருஷம்?"

"அஞ்சு. மிஞ்சிப் போனா ஆறு."

"கழண்டா யார்கிட்டப் போகும்?"

"என் மேசைக்குத்தான் அண்ணி வரும்."

அண்ணி டார்ச்சை அணைத்தாள். "திங்கக்கிழமை டாக்டரம்மாகிட்டப் போறேன்" என்றாள். "திருப்தின்னே சொல்றேன். நீ அந்த ரூம்ல இருந்தாத்தான் சரி." பிறகு தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரித்தாள். செட் கல் மாதிரி நின்றது. நானும் சிரித்தேன், ஆடுகிற பல் இரண்டும் தெரிய.

அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வாயை மூடிக்கொண்டான்.